அப்பா பெயரைக் கூப்பிட்டார்கள், யாரும் எழவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன மாதம் சென்னையில் விசா விண்ணப்பம் கொடுக்கிற இடத்தில் நாங்கள் நான்கு பேரும் உட்கார்ந்திருந்தோம். திருச்சியிலிருந்து ராத்திரி பஸ், சரியான தூக்கம் இல்லை, பையன் என் தோளில் சாய்ந்து வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தான். உள்ளேயிருந்து ஒரு பெண் வந்து என் அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அப்பா தவறி ஆறு வருடம் ஆகிறது. யாரும் எழவில்லை. இரண்டாவது தடவை கொஞ்சம் சத்தமாகக் கூப்பிட்டபோதுதான் மனைவி முழங்கையால் இடித்து, "உங்களைத்தான்" என்றாள். போய் விரல் ரேகை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். அடுத்து என் பெயரைக் கூப்பிட்டார்கள். மறுபடியும் எழுந்து போனால், "நீங்க இல்ல சார், உங்க பொண்ணு" என்றார் அந்தப் பெண். அப்புறம் இன்னொரு தடவை என் பெயர், அது பையனுக்கு. கடைசியாக என் மாமனார் பெயர், அது என் மனைவி. பக்கத்தில் இருந்த வட இந்தியக் குடும்பத்தில் ஐந்து பேரையும் ஒரே பெயரைச் சொல்லி ஒரே தடவையில் கூப்பிட்டு முடித்துவிட்டார்கள். நாங்கள் நான்கு பேர், காகிதத்தில் மூன்று குடும்பம்.

விஷயம் இதுதான். என் மனைவி ஒரு கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறாள். இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்தில் ஒரு வருட ஆய்வுப் பணி கிடைத்திருக்கிறது, இந்த மே மாதம் போய் அடுத்த மே மாதம் திரும்ப வேண்டும். நான் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் ஆசிரியர். ஊதியமில்லாத விடுப்பு கேட்டேன், அந்தக் கோப்பு தலைமையாசிரியர், செயலர், கல்வி அலுவலகம் என்று ஊர்ந்து ஊர்ந்து போய் ஒருவழியாகக் கையெழுத்தாகி வந்திருக்கிறது. அதனால்தான் கடிதத்தின் கடைசியில் பெயர் போடவில்லை. பெயரைப் பற்றி இத்தனை பக்கம் எழுதிவிட்டு என் பெயரை மறைப்பது வேடிக்கைதான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெளிநாடு என்றவுடன் எல்லோரும் கேட்பது குளிர், சாப்பாடு, செலவு. செலவைக் கேட்கவே வேண்டாம். விசா கட்டணம் தனி, அது போக அந்த நாட்டு அரசு மருத்துவ வசதியைப் பயன்படுத்துவதற்கென்று முன்கூட்டியே ஒரு தொகை கட்டச் சொல்கிறார்கள், வருடத்துக்குப் பெரியவர்களுக்குத் தலைக்கு 1,035 பவுண்டு, 18 வயதுக்குக் கீழே 776 பவுண்டு. நாலு பேருக்கும் சேர்த்து 3,622 பவுண்டு. ரூபாயில் போட்டுப் பார்த்துவிட்டு, கால்குலேட்டரில் ஏதோ தப்பாக அழுத்திவிட்டேன் என்று நினைத்து இன்னொரு தடவை போட்டேன். நாலு லட்சத்துக்கு மேல். அங்கே ஒரு தும்மல்கூட வராமல் திரும்பினாலும் அந்தப் பணம் வராது. ஆறு மாதத்துக்கு மேல் தங்குவதானால் காசநோய் இல்லை என்று அவர்கள் அங்கீகரித்த இடத்தில் சான்றிதழ் வாங்க வேண்டும். மகளுக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள், பையனுக்கு இன்னும் 11 வயது ஆகாததால் டாக்டர் நாலு கேள்வி கேட்டதோடு விட்டுவிட்டார், தனக்கு மட்டும் எக்ஸ்ரே எடுக்கவில்லை என்று அவன் அன்று சாயங்காலம் வரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். நெய் கொண்டுபோகக் கூடாது, பாலில் செய்த எதுவும் கூடாது. கொப்பரைத் தேங்காயை விமானப் பெட்டியில் வைக்கவே கூடாது, எண்ணெய்ப் பசையால் தீப்பிடிக்கும் என்று 2022-இல் தடை போட்டுவிட்டார்கள், இதை அம்மாவிடம் சொன்னால் "கொப்பரை எங்கடா தானா தீப்பிடிக்கும்?" என்கிறார். பிள்ளைகளின் பள்ளியில் இடத்தைப் பிடித்துவைக்க ஒரு வருடக் கட்டணத்தை முழுசாகக் கேட்கிறார்கள், அதற்கு உங்களுக்குத் தனியாக இன்னொரு கடிதம் எழுத வேண்டும். சரி, இதெல்லாம் பணம் கட்டினாலோ பெட்டியிலிருந்து எடுத்து வெளியே வைத்தாலோ தீர்ந்துபோகிற சங்கதி. எங்கள் வீட்டில் ஐந்து மாதம் போனது பெயருக்குத்தான்.

எங்கள் நிஜப் பெயர் வேண்டாம். முருகன் என்று ஓர் அப்பா, அவர் மகன் செல்வம், செல்வத்தின் மகள் கயல் என்று வைத்துக்கொள்வோம். நம் ஊரில் மு. செல்வம், செ. கயல். இதில் யாருக்கும் எந்தக் குழப்பமும் வராது. பாஸ்போர்ட்டில் இனிஷியலை ஏற்பதில்லை, விரித்து எழுதச் சொல்கிறார்கள். விரித்தால் செல்வத்தின் சர்நேம், அதாவது குடும்பப் பெயர், முருகன், கயலின் சர்நேம் செல்வம். செல்வத்தின் மனைவி தாமரை, அவள் அப்பா ரங்கசாமி, எனவே அவள் சர்நேம் ரங்கசாமி. பான் அட்டையிலும் ஒற்றை எழுத்தை ஏற்கமாட்டார்கள், விரிக்க வேண்டும். ஆதாரில் ஒற்றை எழுத்து போட்டாலும் சரி, போடாவிட்டாலும் சரி. பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் பெயருக்குப் பின்னால் ஓர் எழுத்து ஒட்டிக்கொண்டு நிற்கும். வங்கிக் கணக்கில் அந்தக் காலத்தில் கிளார்க் என்ன எழுதினாரோ அது. ஒரே ஆள்தான், அட்டைக்கு ஒரு பெயர். மனைவியின் சேமிப்புக் கணக்கை வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்களுக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றப் போனபோது, கணக்கில் இருக்கிற 'ஆர்' யார், பாஸ்போர்ட்டில் இருக்கிற ரங்கசாமி யார், இரண்டு பேரும் ஒருவரே என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார்கள். பதினைந்து வருடமாக அதே கிளையில் சம்பளம் வாங்குகிறவள் அவள், அங்கே அவளைத் தெரியாதவர்கள் இல்லை.

இதில் ஆங்கிலம் வேறு. தமிழில் 'செ' என்று இருப்பது ஆங்கிலத்தில் 'எஸ்' ஆவதும் உண்டு, 'சி' ஆவதும் உண்டு, எழுதுகிறவர் அன்றைக்கு எப்படி நினைக்கிறாரோ அப்படி. 2021 டிசம்பரில் இனிஷியலையும் தமிழிலேயே எழுத வேண்டும் என்று அரசாணை வந்தது. எனக்கு அதில் சந்தோஷம்தான், அன்றிலிருந்து நானும் அப்படித்தான் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ஒரே சான்றிதழில் தமிழில் 'செ' என்றும் ஆங்கிலத்தில் 'எஸ்' என்றும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், எங்கேயோ உட்கார்ந்து அதைப் பார்க்கிற வெள்ளைக்கார அதிகாரிக்கு இரண்டும் ஒன்றுதான் என்று எப்படித் தெரியும்? அவரைக் குறை சொல்ல முடியாது.

மகளின் பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் என்ற இடத்தில் ஒற்றை எழுத்தோடு என் பெயர் இருக்கிறது. அம்மா பெயரில் ஓர் 'எல்' கூடுதல். ஆஸ்பத்திரியில் அந்தப் படிவத்தை நிரப்பியது சாட்சாத் நான்தான். மனைவி உள்ளே, மாமியார் வாசலில் யாருக்கோ போன் பேசிக்கொண்டிருந்தார், நர்ஸ் பேனாவைக் கையில் திணித்து "சீக்கிரம் எழுதுங்க சார்" என்றார், நானும் வருகைப் பதிவேட்டில் எழுதுகிற மாதிரி விறுவிறுவென்று எழுதிக் கொடுத்துவிட்டேன். பொண்டாட்டி பெயரில் ஓர் எழுத்தைக் கூடுதலாகப் போட்டிருக்கிறோம் என்பதுகூடத் தெரியாத சந்தோஷம். 13 வருடம் அந்த எழுத்து பீரோவுக்குள் சும்மா கிடந்தது, இப்போதுதான் எழுந்து வந்து கழுத்தைப் பிடிக்கிறது.

பையனுடையது வேறு கதை. அவன் சான்றிதழில் பெயர் என்ற கட்டமே காலி. நம் பக்கம் பிள்ளை பிறந்த அன்றே பெயர் வைத்துவிடுவதில்லை, அதனால் பெயர் இல்லாமலே பிறப்பைப் பதிந்துவிடலாம், 12 மாதத்துக்குள் கட்டணம் இல்லாமல் பெயரைச் சேர்க்கலாம், அதற்கு அப்புறம் 15 வருடம் வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். நல்ல ஏற்பாடுதான். நாங்கள் சேர்க்கவில்லை, பள்ளியில் சேர்த்தபோதும் யாரும் கேட்கவில்லை, ஒன்பது வருடமாக அரசாங்கக் கணக்கில் அவன் 'ஆண்' மட்டும்தான். மாநகராட்சி அலுவலகத்துக்கு நாலு நடை நடந்தேன். கவுண்டரில் இருந்த அம்மா நல்ல மாதிரி. "ஒரு தடவ ஏத்திட்டா அப்புறம் மாத்துறது பெரும்பாடு சார், ஸ்பெல்லிங்க நீங்களே பாத்துக்கங்க" என்று கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பினார். மேஜை விளிம்பில் நெற்றி இடிக்கக் குனிந்து ஒவ்வோர் எழுத்தாகப் படித்தேன். இந்த ஐந்து மாதத்தில் எனக்குத் திரையைத் திருப்பிக் காட்டிய ஒரே ஆள் அவர்தான்.

நடுவில் ஒரு ஏஜென்ட்டிடமும் போனோம். அவர் எங்கள் காகிதங்களை ஒரு புரட்டு புரட்டிவிட்டு, "பேசாம நாலு பேருக்கும் உங்க ஆளுங்க பேர பின்னாடி சேத்துருங்க சார், கெஜட்ல போட்டா முடிஞ்சுது, வடக்க எல்லாம் அப்படித்தான, எங்க போனாலும் பிரச்சனையே வராது" என்றார். உங்க ஆளுங்க பேர் என்றால் என்ன என்று நான் விளக்க வேண்டியதில்லை. அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, ஜலதோஷத்துக்கு மாத்திரை சொல்கிற மாதிரிதான் சொன்னார். என் தாத்தா பெயருக்குப் பின்னால் அது இருந்தது, பழைய பத்திரத்தில் பார்த்திருக்கிறேன். அப்பா போட்டதில்லை. ஏன் போடவில்லை என்று அவர் ஒருநாளும் பெரிதாகப் பேசியதும் இல்லை, போடவில்லை, அவ்வளவுதான். 1929-இல் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டத்தைப் பெயரோடு போடுவதை விட வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள், கிட்டத்தட்ட நூறு வருடம் ஆகப்போகிறது. அதனால் சாதி போய்விட்டதா என்றால் இல்லை, மாணவன் மணிக்கட்டில் கட்டியிருக்கிற கயிற்றின் நிறத்தைப் பார்த்துக் கவலைப்படுகிற ஆசிரியன் நான். ஆனாலும் பெயரிலிருந்து போனது போனதுதானே, ஒரு வருட விசாவுக்காக அதை எடுத்து மறுபடியும் ஒட்டிக்கொள்வதா? நோட்டரிக்கு எத்தனை தடவை வேண்டுமானாலும் காசு கொடுத்துக்கொள்கிறோம் என்று எழுந்து வந்துவிட்டோம். கொடுத்தோம். இதுவரை ஏழு உறுதிமொழிப் பத்திரம், எல்லாவற்றிலும் ஒரே பாட்டு, இன்னாரும் இன்னாரும் ஒருவரே.

மனைவி பெயரோடு என் பெயரைச் சேர்க்கலாமே என்பது சொந்தக்காரர்கள் யோசனை. அவள் ஒத்துக்கொள்ளவில்லை, நானும் கேட்கவில்லை. பட்டம், முனைவர் பட்டம், ஆய்வுக் கட்டுரை எல்லாம் அவள் அப்பா பெயரோடு இருக்கிறது. ஆய்வு இதழ்களில் ஒருவரைக் குறிப்பிடும்போது சர்நேமைத்தான் போடுவார்கள். ஆகவே எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு நாமக்கல்லில் லாரி பாடி கட்டுகிற பட்டறையில் முப்பது வருடம் வெல்டிங் வைத்த என் மாமனாரை எந்தெந்த நாட்டிலோ இருக்கிற இயற்பியல்காரர்கள் மேற்கோள் காட்டிக்கொண்டிருக்கிறார்கள். லீட்ஸிலிருந்து வருகிற மின்னஞ்சல்கள் 'அன்புள்ள டாக்டர்' என்று போட்டு அவர் பெயரைத்தான் எழுதுகின்றன. ஒருநாள் அதை அவருக்குப் படித்துக் காட்டினோம். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "அப்ப சம்பளமும் என் பேருக்குத்தான வரும்?" என்று கேட்டார்.

சிரித்துக்கொண்டாலும் அடிவயிற்றில் ஒரு பயம் இருக்கத்தான் செய்கிறது. கூட வருகிற பிள்ளைக்கும் பெரியவருக்கும் சர்நேம் வேறாக இருந்தால் எல்லையில் உறவுக்கு ஆதாரம் கேட்கக்கூடும் என்று அந்த நாட்டு அரசின் இணையதளத்திலேயே போட்டிருக்கிறார்கள். பிள்ளைகளைக் கடத்திக்கொண்டு போவதைத் தடுப்பதற்காக, நியாயமான காரணம்தான். எங்கள் நான்கு பேரில் சர்நேம் பொருந்துவது அக்காவுக்கும் தம்பிக்கும் மட்டும். இரண்டு பேரும் ஒருவரையொருவர் கடத்திக்கொண்டு வந்ததாகச் சொல்லிவிடலாம் என்று மகள் சொல்கிறாள். நம்மவர்களில் சர்நேம் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு ஒற்றைப் பெயரோடு பாஸ்போர்ட் வாங்கியவர்கள் பாடு இன்னும் மோசம். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டோடு சுற்றுலா விசாவில் வருகிறவர்களை விடமாட்டோம் என்று சொல்ல, அப்புறம் அப்பா பெயர் பாஸ்போர்ட்டில் வேறு பக்கத்தில் இருந்தால் பரவாயில்லை என்று தளர்த்தினார்கள். அமெரிக்க விசாவில் அப்படிப்பட்டவர்களுக்கு 'முதல் பெயர் தெரியவில்லை' என்பதன் சுருக்கத்தையே பெயராக அச்சடித்துக் கொடுக்கிறார்கள். அப்பா அம்மா ஆசையாக வைத்த பெயரைக் கையில் வைத்துக்கொண்டு பெயர் தெரியாதவராக ஊர் சுற்ற வேண்டும்.

உலகத்தில் நாம் மட்டும் ஒன்றும் அதிசயப் பிறவிகள் இல்லை. ஐஸ்லாந்தில் இன்றைக்கும் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயரோடு மகன், மகள் என்று சேர்த்துக்கொள்கிறார்கள், தொலைபேசிக் கையேட்டில்கூட முதல் பெயர் வரிசைதான் இருந்தது. அண்ணன் தங்கைக்கே கடைசிப் பெயர் வேறாக இருக்கும். மலேசியாவில் நம் ஆட்களின் அடையாள அட்டையில் இரண்டு பெயருக்கும் நடுவில் ஏ/எல், ஏ/பி என்று இருக்கும், இன்னாரின் மகன், இன்னாரின் மகள் என்று அர்த்தம், சிங்கப்பூரிலும் அதே மாதிரி ஒன்று உண்டு. அந்த இரண்டு எழுத்து அங்கே பெயருக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு, பின்னால் இருப்பது அப்பா பெயர் என்று எல்லோருக்கும் சொல்லிவிடுகிறது. நம் பாஸ்போர்ட்டில் சர்நேம் என்று ஒரு கட்டம், அதில் எதையாவது போட்டு நிரப்பு என்கிறார்கள், நாமும் அப்பாவைத் தூக்கி அதில் உட்கார வைத்துவிடுகிறோம்.

இத்தனையும் சொல்கிற எனக்கும் இதில் பங்கு உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை. 18 வருடமாகப் பத்தாம் வகுப்புக்கு வகுப்பாசிரியராக இருக்கிறேன். பொதுத் தேர்வுக்கு முன்னால் நாமினல் ரோல் என்கிற பெயர்ப் பட்டியல் தயாரிப்போம், அதில் ஏறுகிற பெயர்தான் மதிப்பெண் சான்றிதழில் வரும், அதை வைத்துத்தான் அந்தப் பிள்ளையின் மிச்ச வாழ்க்கையில் எல்லா அட்டையும். அதை நாங்கள் எப்படிச் செய்கிறோம் தெரியுமா? பிள்ளைகளை வரிசையில் நிற்கவைத்து, "பேரு சரியா இருக்கா, ஸ்பெல்லிங் பாத்தியா, கையெழுத்துப் போடு, அடுத்து." ஒரு பிள்ளைக்கு அரை நிமிடம். 15 வயதுப் பையன் தன் பெயரைப் பார்ப்பான், அப்பாவின் ஒற்றை எழுத்தையா பார்ப்பான்? கையெழுத்துப் போட்டுவிட்டு விளையாடப் போய்விடுவான். 18 வருடத்தில் எத்தனை நூறு பேரை இப்படி அனுப்பியிருப்பேன் என்று இப்போது நினைத்தால் சங்கடமாக இருக்கிறது.

எங்கள் வீட்டு அனுபவத்துக்குப் பிறகு இந்த வருடம் மட்டும் பிடிவாதமாக, எல்லோரும் வீட்டிலிருந்து காகிதங்களின் நகலைக் கொண்டுவரச் சொன்னேன். ஒரு பையன் மூன்று கொண்டுவந்தான். ரேஷன் கார்டில் அப்பா கோவிந்தராஜ், ஆதாரில் கோவிந்தராஜு, பையனுடைய பிறப்புச் சான்றிதழில் கோவிந்தராஜன். "எதுடா சரி?" என்றேன். மூன்றையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "அப்பாவ எல்லாரும் கோவிந்துன்னுதான் சார் கூப்பிடுவாங்க" என்றான். அவன் அப்பாவை வரச்சொல்லி, அவரும் வேலையை விட்டுவிட்டு வந்து, மூன்றில் ஒன்றை முடிவு செய்வதற்கு இரண்டு நாள் ஆனது. நாற்பத்திரண்டு பிள்ளைகளுக்கு இப்படிச் செய்தால் பாடம் எப்போது நடத்துவது என்று சக ஆசிரியர்கள் கேட்கிறார்கள், அதுவும் சரிதான். இதை டிசம்பர் மாதம் பத்தாம் வகுப்பில் செய்வதைவிட, ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போதே செய்தால் என்ன? விண்ணப்பத்தில் இனிஷியல் என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கிறதே, அதன் பக்கத்தில் அந்த எழுத்தின் விரிவு தமிழிலும் ஆங்கிலத்திலும் என்று ஒரு நீளக் கட்டம் போதும். பிறப்பைப் பதிகிற ஆஸ்பத்திரியிலும் அப்படியே, அவசரத்தில் இருக்கிற என்னைப் போன்ற அப்பன்மார் கையில் பேனாவைத் திணிக்காமல், ஆதாரைப் பார்த்து எழுதி, திரையை ஒரு தடவை திருப்பிக் காட்டட்டும். முன்பெல்லாம் பிறந்த தேதிக்கு ஏதோ ஒரு சான்றிதழ் காட்டிச் சமாளித்தோம். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்கு பாஸ்போர்ட்டில் பிறந்த தேதிக்குப் பிறப்புச் சான்றிதழ் ஒன்றுதான் செல்லும் என்று ஆகிவிட்டது. அதில் விழுகிற எழுத்துப் பிழைக்கு இனி மாற்றுச் சாட்சி கிடையாது.

ஏற்கெனவே மாட்டிக்கொண்ட எங்களைப் போன்றவர்களுக்கு வருவாய்த் துறையே ஒரு சான்றிதழ் கொடுக்கலாம், இந்தப் பெயரில் இருப்பவரும் அந்தப் பெயரில் இருப்பவரும் ஒருவரே என்று. பக்கத்துக் கேரளத்தில் அப்படி ஒன்று இருக்கிறது. இங்கே நான் போய்க் கேட்ட இடத்திலெல்லாம் நோட்டரியைப் பார் என்றுதான் கைகாட்டினார்கள். நோட்டரி என்ன செய்கிறார், நான் சொல்வதை நானே சொன்னதாக முத்திரை குத்திக் கொடுக்கிறார். சாதிச் சான்றிதழையும் வருமானச் சான்றிதழையும் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்க முடிகிறது, நான் நான்தான் என்பதற்கு ஒன்று வாங்க முடியாதா? உங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று, ஆசிரியர் அவர்களே. தேர்வு சமயத்தில் வினா விடைக்கென்று பக்கம் பக்கமாகப் போடுகிறீர்கள், என் வகுப்புப் பிள்ளைகளே வெட்டி ஒட்டி வைத்திருக்கிறார்கள். அதே பக்கத்தில் ஒருநாள், ஓர் ஓரமாக, நாமினல் ரோலில் கையெழுத்துப் போடுவதற்கு முன் அப்பா அம்மாவோடு உட்கார்ந்து எந்தெந்தக் காகிதத்தை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று போடுங்கள். லண்டன் போகிறவனுக்கு மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். துபாய்க்குக் கட்டட வேலைக்குப் போகிறவனும் இதே கட்டத்தைத்தான் நிரப்புகிறான், அவனிடம் ஏழு தடவை நோட்டரிக்குக் கொடுக்கக் காசும் இருக்காது.

எங்களுக்கு விசா வந்துவிட்டது, அதையும் சொல்லிவிட வேண்டும். பெட்டிகள் கூடத்தில் திறந்து கிடக்கின்றன, தலைக்கு 23 கிலோ, வீட்டுத் தராசில் பையன் தினமும் ஏறி இறங்கிப் பெட்டியையும் சேர்த்து எடை பார்க்கிறான். அம்மா எங்களோடு வரவில்லை. குளிர் ஒத்துக்காது என்று அவரே முடிவு செய்துவிட்டார், தங்கை கரூரிலிருந்து வாரம் ஒருமுறை வந்து பார்த்துக்கொள்வாள். அம்மாவின் ஓய்வூதியக் கணக்குக்கு என் செல்போன் எண்தான் கொடுத்திருந்தது, ஓ.டி.பி. லீட்ஸுக்கு வந்தால் யார் சொல்வது என்று அதைத் தங்கை எண்ணுக்கு மாற்றப் போய், அங்கேயும் பெயர் தகராறு, அதை விடுங்கள்.

முந்தாநாள் ராத்திரி சாப்பாட்டு மேஜையில் நாலு பாஸ்போர்ட்டையும் வரிசையாக வைத்து நகல் எடுக்கப் பிரித்துக்கொண்டிருந்தேன். அம்மா தண்ணீர் குடிக்க வந்தவர் நின்று பார்த்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது, தமிழ் நன்றாகப் படிப்பார், உங்கள் நாளிதழை ராசிபலனில் ஆரம்பித்து இரங்கல் விளம்பரம் வரை ஒரு வரி விடமாட்டார். எதில் யார் பெயர் இருக்கிறது என்று கேட்டார். சொன்னேன். இதில் அப்பா, இதில் நான், இதிலும் நான், இதில் மாமா. "எல்லாரும் ஏறிட்டீங்க, என் பேரு எங்கடா இருக்கு?" என்றார். என் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன், அம்மா பெயர் என்று அங்கே ஒரு வரி உண்டு. விரலை வைத்து, "இதா?" என்று கேட்டுவிட்டு, அந்த எழுத்துகளின் மேலே கொஞ்ச நேரம் தடவிக்கொண்டிருந்தார். அதில் ஓர் எழுத்து தப்பு. நான் சொல்லவில்லை.

பேப்பர் போடுகிறவரிடம் அம்மாவுக்குத் தொடர்ந்து போடும்படி சொல்லி ஒரு வருடப் பணத்தை முன்னாலேயே கொடுத்துவிட்டேன். நோட்டை எடுத்து எங்கள் வீட்டுப் பக்கத்தைப் புரட்டி வரவு வைத்தார். எட்டிப் பார்த்தேன், இன்னும் அப்பா பெயரில்தான் இருக்கிறது. மாற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருச்சி.